சனிக்கிழமைக்கு மாட்டிறைச்சி சாண்ட்விச்

மார்ச் 1, ஞாயிறு

தீவுக்காரருக்கு,

நலம், நலமறிய ஆவல் எல்லாவற்றையும் நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். கோபம் ஆறுவதற்குள் இதை எழுதி முடிக்க வேண்டும். ஆறிவிட்டால் வழக்கம் போல "பரவாயில்லை" என்று எழுதிவிடுவேன்.

நேற்று லேபில் அவசரமாக ஒரு பல் செட் முடிக்க வேண்டும் என்று பொழுது சாயும்வரை நிறுத்திவைத்துவிட்டார்கள். நகக்கண் எல்லாம் பிளாஸ்டர். வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டு யாரோடும் ஒரு வார்த்தை பேசாமல் படுக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே வந்தேன். கேட்டைத் திறந்தால் வாசல் முழுக்கச் செருப்பு. உள்ளே சிரிப்புச் சத்தம். நீங்கள்தான் திரும்பி வந்துவிட்டீர்களோ என்று நினைத்தேன்.

உங்கள் வாலிபால் கூட்டம். மொத்தப் பேரும். சோபாவில், தரையில், என் தையல் மிஷின் மேல்கூட ஒருவர். மாற்றுச் சாவியை வெல்டர் அண்ணனிடம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறீர்கள். என்னிடம் ஒரு வார்த்தை இல்லை.

"அண்ணி, அவன் கண்டிப்பா சொல்லிட்டுப் போயிருக்கான். நான் இல்லேன்னாலும் மாசக் கடைசி சனிக்கிழமை நிக்கக் கூடாதுன்னு" என்றார் வெல்டர் அண்ணன். எதைக் கேட்டாலும் ஊருக்கே ஒலிபரப்பும் உங்கள் நண்பர் ரேடியோ ஒரு பொட்டலத்தை என் கையில் வைத்தார். ஒரு கைக்குழந்தை கனம். மாட்டிறைச்சி. "அவன் பண்ற மாதிரி சாண்ட்விச் போதும் அண்ணி, வேற ஒண்ணும் சிரமப்பட வேணாம்" என்றார். சிரமப்பட வேண்டாமாம்!

டீயும் பிஸ்கட்டும் கொடுத்து அனுப்பினேன். இறைச்சி ஃப்ரீசரில் கிடக்கிறது. போகும்போது, "பரவாயில்ல அண்ணி, அடுத்த மாசம் சேத்துச் சாப்பிட்டுக்கலாம்" என்று ஆறுதல் வேறு சொன்னார்கள்.

நீங்கள் கிளம்புவதற்கு முன்னால் நாம் போட்ட சண்டை உங்களுக்கு நினைவிருக்கிறதா, இல்லை படகில் ஏறும்போதே கடலில் போட்டுவிட்டீர்களா? "இது வீடா, கேண்டீனா?" என்று நான் கேட்டேன். இப்போது கேண்டீனை எனக்கு எழுதிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறீர்கள்.

ஒன்று, வர வேண்டாம் என்று அவர்களுக்கு எழுதுங்கள். இல்லையென்றால் அந்தச் சனியன் பிடித்த சாண்ட்விச்சை எப்படிச் செய்வது என்று எனக்கு எழுதுங்கள். இரண்டில் ஒன்று அடுத்த படகில் வர வேண்டும்.

இப்படிக்கு,
கேண்டீன் பொறுப்பாளர்


மார்ச் 20

கோபக்காரிக்கு,

உன் கடிதத்தைப் படகுக்காரர் கையிலிருந்து வாங்கிப் பாறை மேல் உட்கார்ந்தே படித்தேன். முதலில் சிரித்தேன். அப்புறம் சிரித்தது தப்போ என்று தோன்றியது. அப்புறம் மறுபடி சிரித்தேன். தையல் மிஷின் மேல் உட்கார்ந்தது நெட்டையாகத்தான் இருக்கும். அவனுக்குக் காலை மடக்கத் தெரியாது.

இங்கே எல்லாம் துரு. கலங்கரை விளக்கின் மோட்டாரைப் பிரித்தால் துரு, மூடினால் துரு. காலையில் துடைத்ததை மாலையில் மறுபடி துடைக்க வேண்டும். சமையல்காரருக்கு உருளைக்கிழங்கைத் தவிர வேறு எதுவும் தெரியாது. வேகவைப்பார், இல்லாவிட்டால் வதக்குவார். விசேஷ நாள் என்றால் இரண்டையும் செய்வார். செல்போனில் ஒரே ஒரு கோடு காட்டுகிறது. பேசப் போனால் அதுவும் ஓடி ஒளிந்துகொள்கிறது. கடிதம்தான் கதி.

அவர்களை வரச் சொன்னது உன் நல்லதுக்குத்தான். நீ தனியாக உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது என்று நினைத்தேன். அவர்களும் நல்ல பிள்ளைகள். சாப்பிட்ட தட்டைக் கழுவச் சொன்னால் கழுவுவார்கள். சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

சாண்ட்விச் ஒரு பெரிய வித்தையே இல்லை. இறைச்சியில் உப்பு, மிளகு, பூண்டு எல்லாம் தேவையான அளவு போட்டுத் தேய்த்துக்கொள். மூடி போட்ட பாத்திரத்தில் வைத்து நம் பேக்கிங் அவனில் விட்டுவிடு. பதம் வந்ததும் வாசனையே சொல்லும். எடுத்து மெல்லிசாக அரிந்து, அதில் ஊறிய சாற்றிலேயே முக்கு. நீள பன்னைப் பிளந்து, வதக்கிய வெங்காயம், இறைச்சி, சீஸ் அடுக்கி மறுபடி அவனில் வை. சூடாக எடுத்துக் கொடு. பயப்படாதே. அவனை நம்பு. அவனுக்கும் என்னைப் போலச் சூடேறக் கொஞ்சம் நேரமாகும், ஏறிவிட்டால் அப்புறம் பொன்.

சாப்பிட்டுவிட்டு அவர்கள் என்ன சொன்னார்கள் என்று மறக்காமல் எழுது. குறிப்பாக ரேடியோ.

உருளைக்கிழங்கே கதியாகக் கிடக்கும்,
நான்


மார்ச் 29, ஞாயிறு

அவனை நம்பச் சொன்னவருக்கு,

எந்த அவனை என்று எழுதவில்லையே! அடுப்பையா, உங்களையா? இரண்டையும் நம்பினேன். இரண்டும் கைவிட்டன.

உங்கள் கடிதம் நேற்று மதியம்தான் வந்து சேர்ந்தது. அதற்குள் நான் இறைச்சியை ஃப்ரீசரிலிருந்து எடுத்துத் தண்ணீரில் போட்டிருந்தேன். வெளியே இளகி, நடுவில் கல்லாகவே இருந்தது. "தேவையான அளவு" என்கிறீர்கள். யாருக்குத் தேவையான அளவு? "வாசனையே சொல்லும்" என்கிறீர்கள். வாசனை என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. புகைதான் வந்து சொன்னது, எல்லாம் முடிந்துவிட்டது என்று. மெல்லிசாக அரியப் போனால் கத்தி வழுக்கி, ஒவ்வொரு துண்டும் செருப்பின் அடித்தோல் மாதிரி வந்தது. பன் வெளியே கருகியது. உள்ளே தொட்டால் ஜில்லென்று இருந்தது. சீஸ் உருகவே இல்லை. எங்கள் லேபில் அச்செடுக்கும் மெழுகுத் தகடு மாதிரி அப்படியே முறைத்துக்கொண்டு கிடந்தது.

உங்கள் "நல்ல பிள்ளைகள்" ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிந்தது. எல்லாரும் மரியாதையாக மென்றார்கள். வீடு முழுக்க மெல்லும் சத்தம்தான், மாட்டுக்கொட்டகை மாதிரி. கடைசியில் வெல்டர் அண்ணன் சாண்ட்விச்சை வாயிலிருந்து இழுத்தார். கூடவே மேல் பல் செட்டும் வந்துவிட்டது. பன்னைக் கடித்தபடி பல் மட்டும் அவர் கையில் இருக்கிறது! யாருக்கும் சிரிக்கத் தைரியம் இல்லை. "லேப்ல குடுங்க அண்ணா, திங்கக்கிழமை சரி பண்ணித் தரேன்" என்றேன். என் குரலே எனக்கு அழுகை மாதிரி கேட்டது.

இதுவரை எழுதியது சமையல். இனிமேல் எழுதுவதுதான் விஷயம்.

என்னைத் தேற்றுகிறேன் என்று ரேடியோ வாயைத் திறந்தார். "விடுங்க அண்ணி, ஒரு வருஷம் இருக்கே. அதுக்குள்ள கை பழகிடும்."

"எந்த ஒரு வருஷம்?" என்றேன். "ஆறு மாசம்தானே?"

வெல்டர் அண்ணன் அவர் காலை மிதித்ததை நான் பார்த்தேன். ரேடியோ தண்ணீர் குடித்தார். அப்புறம் மறுபடி தண்ணீர் குடித்தார். நெட்டை எழுந்து தட்டுகளைப் பொறுக்கத் தொடங்கினார். சொல்லாமலேயே. அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது.

நேராகக் கேட்கிறேன். நீங்கள் ஆறு மாதத்துக்குக் கையெழுத்துப் போட்டீர்களா, ஒரு வருஷத்துக்கா? ஊருக்கே தெரிந்தது எனக்கு மட்டும் ஏன் தெரியவில்லை?

இதற்குப் பதில் எழுதுங்கள். பூண்டு, வெங்காயம் எதுவும் வேண்டாம்.


மார்ச் 30

கோபக்காரிக்கு,

இந்நேரம் சனிக்கிழமை முடிந்திருக்கும். எப்படி வந்தது? முந்தாநாள் ராட்டினம் சுற்றுவது போல விளக்கைச் சுற்றிச் சுற்றி வந்தபோதெல்லாம் அதே நினைப்புதான். இப்போது எடுத்திருப்பாள், இப்போது கொடுத்திருப்பாள் என்று நாக்கில் எச்சில் ஊறிக்கொண்டே இருந்தது.

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். பன்னின் உட்பக்கம் வெண்ணெய் தடவ வேண்டும். இல்லாவிட்டால் சாறு இறங்கிச் சொதசொதவென்று ஆகிவிடும். அப்புறம் இரண்டாம் முறை அவனில் வைக்கும்போது ஒவ்வொரு சாண்ட்விச்சையும் அலுமினியத் தாளில் சுற்ற வேண்டும். அதையும் எழுதவில்லை என்று நினைக்கிறேன். எழுதினேனோ? சுற்றாவிட்டால் வெளியே கருகி உள்ளே சூடே ஏறாது. நீ கெட்டிக்காரி, நீயே கண்டுபிடித்திருப்பாய்.

சமையல்காரர் இன்று உருளைக்கிழங்கில் சூப் வைத்தார். முன்னேற்றம்.

நான்


ஏப்ரல் 11

அலுமினியத் தாளுக்கும் வெண்ணெய்க்கும் நன்றி. இரண்டு வாரம் தாமதம்.

நான் கேட்ட கேள்வி இந்நேரம் உங்கள் கையில் இருக்கும். பதில் வரும்வரை நான் எழுதுவதாக இல்லை.


ஏப்ரல் 12

உன் கேள்விக்குப் பதில்: ஒரு வருஷம்.

முதலில் ஆறு மாதம் என்றுதான் சொன்னார்கள். நான் உன்னிடம் சொன்னதும் பொய் இல்லை. கிளம்புவதற்கு முந்தின வாரம், ஒரு வருஷம் இருக்க யாருக்குச் சம்மதம் என்று ஆபீசில் கேட்டார்கள். நான் கையைத் தூக்கினேன். அன்று மாலை ஆட்டத்துக்குப் போனபோது பிள்ளைகளிடம் சொன்னேன். வீட்டுக்கு வந்து உன்னிடம் சொல்லலாம் என்றுதான் வந்தேன். நீ பேசும் நிலையில் இல்லை.

நீ என்ன சொன்னாய் என்று உனக்கு நினைவிருக்கிறதா? கேண்டீன் என்றது மட்டும் உனக்கு நினைவிருக்கிறது. அதற்கு அப்புறம் ஒன்று சொன்னாய். "ஒரு நாளாவது இந்த வீட்டில் என் காலடிச் சத்தம் எனக்குக் கேட்கட்டும்." அது எனக்குச் சுருக்கென்று தைத்தது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் என் சத்தம் உனக்கு இவ்வளவு பாரமாக இருந்தது என்று எனக்குத் தெரியாது. நான் சத்தக்காரன்தான். எங்கள் வீட்டில் எட்டுப் பேர். சத்தம் இல்லாவிட்டால் யாருக்கோ உடம்பு சரியில்லை என்று அர்த்தம். சரி, கேட்டது அமைதிதானே, கொடுத்துவிடலாம் என்று கையெழுத்துப் போட்டேன்.

அப்படியென்றால் அவர்களை ஏன் வரச் சொன்னீர்கள் என்று கேட்பாய். உன் நல்லதுக்கு என்று முதல் கடிதத்தில் எழுதினேன். அது பாதிதான். சத்தம் வந்தால்தான் நான் இல்லாதது உனக்கு உறைக்கும் என்றும் ஓர் எண்ணம் இருந்தது. போதுமா?

எல்லாத் தப்பும் என் தலையில் என்றால் இருந்துவிட்டுப் போகட்டும். ஆனால் அமைதி வேண்டும் என்று சொன்னது நான் இல்லை.


ஏப்ரல் 26, ஞாயிறு

இந்தக் கடிதத்தில் உன்னை "நீ" என்றுதான் எழுதப் போகிறேன். "நீங்கள்" போட்டுத் திட்டினால் திட்டுவது மாதிரியே இல்லை.

நான் கேட்டது ஒரு சனிக்கிழமை. ஒரே ஒரு சனிக்கிழமை. நீ கொடுத்தது ஒரு வருஷம். கடைக்குப் போய் ஒரு எலுமிச்சம்பழம் வாங்கி வா என்றால் தோட்டத்தையே தூக்கி வந்து தலையில் போடுகிற வேலை இது. கேட்டால், நீதானே புளிப்பு வேண்டும் என்றாய் என்று எழுதுகிறாய்.

நான் "பேசும் நிலையில் இல்லை" என்கிறாய். பேசிக்கொண்டுதானே இருந்தேன்? அதற்கு முந்தின எல்லாச் சனிக்கிழமையும் பேசாமல் இருந்தேன். அப்போது நீ வந்து ஏதாவது சொன்னாயா? எத்தனை முறை சமையலறை வாசலில் வந்து நின்றிருப்பேன்? நீ ஏப்ரனைக் கட்டிக்கொண்டு நடுவில் நிற்பாய், சுற்றிலும் அவர்கள், எல்லார் கையிலும் சூடாக ஒன்று. எனக்கும் ஒன்றை நீட்டுவாய், வந்தவர்களுக்கு நீட்டுவது மாதிரியே. வாங்கிக்கொண்டு போய்ப் படுக்கையறையில் உட்கார்ந்து சாப்பிடுவேன். என் வீட்டில் நான் விருந்தாளி. அதைத்தான் காலடிச் சத்தம் என்று சொன்னேன். உன் சத்தத்தை நான் குறை சொல்லவில்லை. என் சத்தத்துக்கு இடம் கேட்டேன்.

இப்போது இல்லாதபோதும் இடம் பிடித்து வைத்திருக்கிறாய், பஸ் ஜன்னல் வழியாகத் துண்டு போடுகிற மாதிரி. உன் துண்டு மொத்தம் ஒன்பது பேர், தையல் மிஷின் மேல் வரைக்கும்.

இந்த மாதம் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நானே ஆட்ட மைதானத்துக்குப் போய் எல்லார் முன்னாலும் சொன்னேன். யாரும் கோபித்துக்கொள்ளவில்லை. ரேடியோ மட்டும் தலையைக் குனிந்துகொண்டே இருந்தார்.

ஆனாலும் நேற்று வெல்டர் அண்ணன் தனியாக வந்தார். வாசலிலேயே நின்றுகொண்டு சாவியை நீட்டினார். "அண்ணி, அவன் உங்ககிட்ட சொல்லலேன்னு எங்களுக்குச் சத்தியமா தெரியாது. தெரிஞ்சிருந்தா அந்த வீட்ல கால வெச்சிருக்க மாட்டோம்" என்றார். அப்புறம் உள்ளே வந்து அவனின் கதவைத் திறந்து மூடிப் பார்த்தார். கீல் தேய்ந்து ஒரு பக்கம் விரல் நுழையும் இடைவெளி. சூடெல்லாம் அந்த வழியாகத்தான் போய்க்கொண்டிருந்ததாம். "இவன் இத முட்டியால தள்ளிப் பிடிச்சுக்கிட்டேதான் சமைப்பான். உங்ககிட்ட சொன்னதில்லையா?" என்றார். நீ எதைத்தான் என்னிடம் சொல்லியிருக்கிறாய்? கீலை மாற்றிக் கொடுத்துவிட்டு, டீகூடக் குடிக்காமல் போனார்.

அவர் போனதும் கடைக்குப் போய் ஓர் ஆளுக்கு மட்டும் இறைச்சி வாங்கி வந்தேன். என் பொறுமைக்கு ஏற்ற மாதிரி செய்தேன். மெதுவாக வேகவிட்டு, நன்றாக ஆறவிட்டு, ஆறின பிறகுதான் கத்தியை எடுத்தேன். நார் ஓடுகிற போக்குக்குக் குறுக்கே வெட்டினால் தாள் மாதிரி வருகிறது. தாளில் சுற்றிச் சூடாக்கி, கடைசியில் தாளைத் திறந்துவிட்டு மேலே மொறுமொறுப்பு ஏற்றினேன். அடுப்படியில் நின்றுகொண்டே சாப்பிட்டேன். நன்றாக இருந்தது. நன்றாக இருந்ததுதான் எரிச்சல். யாரிடமாவது சொல்ல வேண்டும் போல் இருந்தது, வீட்டில் யாரும் இல்லை.

அதனால் மே மாதக் கடைசி சனிக்கிழமை என் ஆட்களைக் கூப்பிட்டிருக்கிறேன், லேபிலிருந்து. கல்யாணமான நாளிலிருந்து அவர்களில் ஒருவர்கூட இந்த வீட்டுக்கு வந்ததில்லை. உனக்கு அது தெரியுமா?

உன் ஒரு வருஷத்தை நீயே வைத்துக்கொள்.


மே 8

நீ "நீ" என்று எழுதியதைப் பல முறை படித்தேன். சமையல்காரர், "வீட்ல யாருக்காவது உடம்பு சரியில்லையா?" என்று கேட்கிற அளவுக்கு என் முகம் இருந்திருக்கிறது.

எழுதி எழுதிக் கிழித்துவிட்டேன். கோபமாக ஒன்று எழுதினேன். கெஞ்சி ஒன்று எழுதினேன். இரண்டும் எனக்கே பிடிக்கவில்லை. கடிதத்தில் நாம் பேசுவது, நீ அடித்த பந்து போன வாரம் நான் நின்ற இடத்தில் வந்து விழுவது மாதிரி இருக்கிறது. நேரில் பேச வேண்டும்.

மேலதிகாரி ஒருவர் சிறு படகில் வந்து மே 30 சனிக்கிழமை காலை கரைக்குத் திரும்புகிறார். படகு மறுநாள் மதியம் மறுபடி இங்கே வருகிறது. அதில் எனக்கு ஓர் இடம் தருகிறேன் என்கிறார்கள். வருகிறேன். உன் பதில் கிடைக்க நேரம் இல்லை. வேண்டாம் என்றால் கதவைத் திறக்காதே, புரிந்துகொள்கிறேன்.


ஜூன் 1

நேற்று படகில் ஏறியதிலிருந்து உன்னோடு மனதுக்குள் சண்டை போட்டுக்கொண்டே இருக்கிறேன். அதில் நான்தான் ஜெயிக்கிறேன். அதனால் அதை விட்டுவிட்டு நடந்ததை எழுதுகிறேன்.

நான் வருகிறேன் என்று தெரிந்தும் நீ அவர்களை வர வேண்டாம் என்று சொல்லவில்லை. முன்பே கூப்பிட்டாயிற்று என்று நேரில் சொன்னாய். சரி. ஆனால் நான் வருவதை அவர்களிடமாவது சொல்லியிருக்கலாம். கதவைத் திறந்த ஓர் அம்மா, கையெல்லாம் மாவு, என்னை மேலும் கீழும் பார்த்து, "யாரப் பாக்கணும்?" என்றார்.

"இது என் வீடு" என்றேன்.

"ஓ, தீவுல இருக்கறவரா? உள்ள வாங்க தம்பி. செருப்ப அந்த ஓரமா விடுங்க, இங்க இடமில்ல."

அவர்தான் நீ அடிக்கடி சொல்லும் மெழுகு அக்கா என்று அப்புறம் தெரிந்தது. அடிக்கடி சொல்லியிருக்கிறாய். நான்தான் காதில் வாங்கியதில்லை. உள்ளே யாரையும் எனக்குத் தெரியாது. உட்கார இடம் தேடி, கடைசியில் தையல் மிஷின் பக்கத்தில் போய் நின்றேன். நீ சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாய். கண்ணைச் சுருக்கினாய். "வந்துட்டீங்களா, உக்காருங்க" என்றாய். வேறு யார் வந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பாய்.

உதவலாம் என்று சமையலறைக்கு வந்தேன். "தள்ளுங்க, தள்ளுங்க, சூடு" என்று உன் லேப் பையன்கள் இருவர் என்னை வாசலுக்கே நெட்டிவிட்டார்கள். ட்ரேயை நீ வெளியே எடுத்தபோது தாள்களை ஒவ்வொன்றாகத் திறந்தாய். ஆவி கிளம்பியது. எல்லாரும் ஒரே குரலில் ஓ என்றார்கள். எனக்கும் ஒன்றை நீட்டினாய். நான் அதை வாங்கிக்கொண்டு எங்கே போனேன் தெரியுமா? படுக்கையறைக்கு. கட்டிலில் உட்கார்ந்து சாப்பிட்டேன். கதவுக்கு அந்தப் பக்கம் நீ என்னவோ சொல்ல, எல்லாரும் சிரிக்கிறார்கள். நீ இவ்வளவு சத்தமாகச் சிரித்து நான் கேட்டதே இல்லை. எழுந்து போய் என்னவென்று கேட்கவும் கூச்சமாக இருந்தது.

நன்றாக இருந்தது. என் சாண்ட்விச்சைவிட நன்றாக இருந்தது. அதை அங்கேயே சொல்லியிருக்கலாம். எரிச்சலில் சொல்லவில்லை.

எல்லாரும் போன பிறகு தட்டுக் கழுவிக்கொண்டே ஆரம்பித்தோம். நீ துலக்க, நான் துடைக்க. வேண்டுமென்றே என்னை விருந்தாளி ஆக்கினாய் என்று நான் சொன்னேன். "ஒரு சாயங்காலத்துக்கே இப்படிக் குதிக்கறீங்களே" என்று நீ சொன்னாய். அதற்கு மேல் நான் சொன்னது எதுவும் நல்ல பேச்சு இல்லை. நீ சொன்னதும்தான். விடிந்ததும் படகு. பாதியிலேயே விட்டுவிட்டு ஓடி வந்தேன். வாசல்வரை வந்தாய், கையில் ஈரத் துணியோடு. ஏதோ சொல்ல வாயெடுத்தாய். ஆட்டோக்காரர் ஹாரன் அடித்துவிட்டார்.

இங்கே வந்து இறங்கியதும் நேராகப் பொறுப்பதிகாரியிடம் போனேன். ஆறு மாதத்தோடு என்னை அனுப்பிவிடுங்கள் என்று கேட்டேன். "விளையாட்டா இருக்கா உங்களுக்கு?" என்று கத்தினார். மாற்று ஆள் கிடைத்தால்தான் என்கிறார். ஆகஸ்டுக்குள் கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். கிடைக்காவிட்டால் வருஷம் முழுக்க இருந்தே ஆக வேண்டும். எழுதிக் கொடுத்துவிட்டேன்.

இதை இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. வெல்டரிடம் இல்லை, ரேடியோவிடம் இல்லவே இல்லை. உனக்குத்தான் முதலில் எழுதுகிறேன். நீ கேட்டதால் எழுதிக் கொடுத்தேன் என்று அர்த்தம் இல்லை. நீ கேட்கவில்லை. வரவே வேண்டாம் என்றால் அதையும் நேராகவே எழுது.


ஜூன் 7, ஞாயிறு

உனக்கு,

"நீங்கள்" வரமாட்டேன் என்கிறது. நேரில் பார்த்தால் வருகிறது, பேனாவை எடுத்தால் வரவில்லை. இப்படியே இருக்கட்டும்.

உன் கடிதத்தை லேபுக்கு எடுத்துப் போய்ச் சாப்பாட்டு இடைவேளையில் படித்தேன். மெழுகு அக்கா, "உங்க வீட்டுக்காரரா? பாவம், அன்னிக்கு அவருக்கு ஒரு சாண்ட்விச்தான் கிடைச்சுது" என்று ஒரே வருத்தம். யார் என்று தெரியாமல் கதவில் நிறுத்திவிட்டேனே என்று என்னிடம் மன்னிப்புக் கேட்டார். உன்னைப் பற்றி அவர்களிடம் நான் அதிகம் பேசியதில்லை. நீ என் ஆட்களைக் காதில் வாங்காதது மாதிரி, நானும் உன் பேச்சை வாயில் எடுத்ததில்லை. அது உனக்கு வலித்திருக்கும். வலிக்கட்டும் என்று நினைத்துத்தான் நீ வருவதை அவர்களிடம் சொல்லாமல் விட்டேன். வலித்தது என்று நீ எழுதியதும், நான் நினைத்த அளவு சந்தோஷம் வரவில்லை.

நீ படுக்கையறைக்குப் போனதைப் பார்த்தேன். பின்னாலேயே வரலாம் என்று கையைத் துடைத்தேன். அதற்குள் அடுத்த ட்ரே. அப்புறம் யாரோ தண்ணீர் கேட்டார்கள். கூட்டத்தைக் கூட்டி நடுவில் நிற்பவருக்கு ஒருவர் பின்னால் போக நேரமே கிடைக்காது என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. அதற்காக உன்னை மன்னித்துவிட்டேன் என்று எண்ணிவிடாதே. தெரிந்தது என்றுதான் சொல்கிறேன்.

வாசலில் நான் சொல்ல வந்தது பெரிதாக ஒன்றும் இல்லை. "சாப்பிட்டீங்களா?" என்று கேட்க வந்தேன். காலையில் வெறும் வயிற்றோடு ஓடினாய்.

நீ எழுதிக் கொடுத்ததற்கு நான் நன்றி சொல்லப் போவதில்லை. என்னைக் கேட்காமல் போனாய், என்னைக் கேட்காமலே வருகிறாய். ஆனாலும் இந்த முறை விஷயம் உன் கையால் எனக்கு வந்தது. நேற்று ரேடியோவைக் கடையில் பார்த்தேன். "தீவுல என்ன அண்ணி சேதி?" என்று கேட்டார். அவருக்கு ஒன்றும் தெரியவில்லை! "ஒண்ணுமில்லையே" என்று சொல்லிவிட்டு நடந்தேன். தெருமுனை வரைக்கும் எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

வர வேண்டாம் என்று எழுத மாட்டேன். மாற்று ஆள் ஆகஸ்டில் வந்தாலும் சரி, பிப்ரவரியில் வந்தாலும் சரி, வருகிற தேதி தெரிந்ததும் எனக்கு எழுது. அன்றைக்கு உன் ஆட்களும் வேண்டாம், என் ஆட்களும் வேண்டாம். சமையலும் பெரிதாக ஒன்றும் கிடையாது, இருப்பதைச் சாப்பிடலாம். தட்டைக் கழுவிக்கொண்டே பாதியில் விட்ட சண்டையை முடிப்போம். இன்னும் நான் சொல்ல வேண்டியது நிறைய இருக்கிறது. உனக்கும் இருக்கும். அதற்குள் மறந்துவிடாதே.